அந்தப் படத்தில் இருப்பது நம் செடி இல்லை

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆட்ரிக்கு,

அப்பாவின் முத்தங்கள். ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், டப்ளினில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன் என்று எழுதிவிட்டுப் பார்த்தால் முதல் பாதி கொஞ்சம் இடிக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் வீடியோவில் என் முகத்தைப் பார்த்தால் நீ பயந்துவிடுவாய். கடிதத்துக்கு முகம் கிடையாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நீ புறப்பட்ட அன்று, மாதா கோயில் மரத்துப் பழத்திலிருந்து முளைக்க வைத்த கருவேப்பிலைக் கன்றை என் கையில் கொடுத்து, செடி நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுக்குவேன்ப்பா என்று சொன்னாய். அதிலிருந்து ஞாயிறுதோறும் செடி எப்படி, படம் அனுப்புங்க என்றுதான் கேட்கிறாய். நானும் அனுப்புகிறேன். ஆனால் கடைசி ஐந்து வாரமாக வந்த படத்தில் இருப்பது நம் செடி இல்லை மகளே, மூலைவீட்டு பெர்னடெட் ஆன்டியின் செடி.

நம்முடையது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது, இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. தாகம் என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் ஊற்றினேன், டீ குடித்ததும் ஊற்றினேன், அந்தி மழையைப் பார்த்தாலும் வீட்டுக்குள் இருக்கிற செடி பாவமாக இருந்தது, ஊற்றினேன். அம்மா போய், நீயும் போன பிறகு இந்த வீட்டில் தண்ணீர் கேட்க வேறு யார் இருக்கிறார்கள். தரை அழுக்காகக் கூடாதென்று தொட்டியை பிஸ்கட் டின்னுக்குள் வேறு வைத்திருந்தேன். கருவேப்பிலைக்கு மோர் நல்லது என்று ரேடியோவில் கேட்டு, கடையில் மோர் இல்லாததால் மாம்பழ லஸ்ஸி வாங்கி ஊற்றினேன். செடி பிழைக்கவில்லை, பிரிக்பீல்ட்ஸ் எறும்பெல்லாம் பிழைத்தது.

இரண்டு வாரத்துக்கு முன் பெர்னடெட் என்னைக் கையும் போனுமாகப் பிடித்துவிட்டார். என்னண்ணே, என் செடிக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போறீங்களா, வாரா வாரம் போட்டோ புடிக்கிறீங்க என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். உடனே பேப்பரும் கத்தியுமாக வந்து, செடியைத் தொட்டியோடு கவிழ்த்துத் தட்டினார். ஒரே நாற்றம், வேரெல்லாம் கறுத்து வழவழவென்று இருந்தது. லஸ்ஸி கதையைக் கேட்டதும், உங்க இனிப்பு நீர் வியாதியைச் செடிக்கும் குடுக்கணுமா லா என்று திட்டினார். தாகத்துலயும் வாடும், தண்ணியில மூழ்கினாலும் வாடும், மண்ணைத் தொட்டுப் பாக்காம மூஞ்சிய மட்டும் பாத்தா எப்படி தெரியும் என்றார். முப்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன், அன்றுதான் முதல் தடவை மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

அழுகிய வேரை வெட்டி, மண்ணில் பாதி மணல் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நட்டு நிழலில் வைத்தோம். டின் குப்பைக்குப் போனது. இரண்டு விரற்கணு ஆழம் மண் காய்ந்திருந்தால்தான் இனி தண்ணீர். அது நாலு நாளைக்கு ஒரு முறை வருகிறது. மற்ற மூன்று நாளும் குவளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வியாழக்கிழமை ரயிலேறி கிள்ளான் வரை போய், இறங்காமல் அதே ரயிலில் திரும்பி வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று காலை தண்டின் பக்கத்தில் அரிசி அளவு பச்சை தெரிந்தது. இத்துடன் வைத்திருக்கும் படம் நிஜப் படம், குச்சி மாதிரிதான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்.

இந்த ஞாயிறு கூப்பிடும்போது செடி எப்படி என்று கேட்காதே. அப்பா எப்படி இருக்கீங்க என்று கேள். நல்லா இருக்கேன் என்று நான் சட்டென்று சொன்னால் நம்பாமல் இன்னொரு தடவை கேள்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

உன் பொய்க்கார அப்பா,
ரேமண்ட்