நடு அறையில் சாம்பிராணி

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை எதிரே கரும்புக்கொல்லை தெரியவில்லை. அம்மா வெந்நீர் அடுப்பில் சவுக்கு மிலாறு போட்டு மூட்டினாள். புகை மேலே ஏறாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

பாப்பா பிறந்து இருபத்திரண்டு நாள். பிரசவத்துக்கு வந்த அக்காவும் அவளும் நடு அறையில். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வெந்நீர் அடுப்புப் பக்கம். மூடியே கிடக்கிறது. திறந்தால் பச்சை உடம்பில் காற்று பூந்துவிடுமாம்.

நூலகத்துப் புத்தகத்தில் வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி ஓர் அத்தியாயம். படித்து முடித்ததும் இங்கே ஒரு நாளில் எரிவதை எண்ணினேன்.

வெந்நீர் அடுப்பு.
சாம்பிராணி: பாப்பா குளித்ததும், மறுபடி விளக்கு வைக்கும்போது.
ஊதுபத்தி.
கொசுவத்திச் சுருள், கட்டிலுக்கு அடியில், சாயங்காலம் ஆறு மணிக்கே.
சுற்றிப் போட்ட மிளகாய் (செவ்வாய், வெள்ளி).

அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடி புதுசா? ஒனக்கும் ஒங்க அக்காவுக்கும் இதே பொகதான். நீ இன்னா செத்தா பூட்ட?"

சாகவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

ஜெராக்ஸ் கடையில் இன்று கூட்டம். யாருக்கோ வருமானச் சான்று, யாருக்கோ ஆதார். கால் வலி.

வேலை முடிந்து பாகூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாம்பிராணி வாங்கினேன். ஒரு பெட்டியில் பன்னிரண்டு கிண்ணம். பற்றவைத்தால் போதும். கரி வேண்டாம், ஊத வேண்டாம். புகை குறைவு என்று அட்டையில் போட்டிருந்தது. அம்மாவை நிறுத்தச் சொல்ல முடியாது, குறைக்கவாவது செய்யலாம் என்று கணக்கு.

அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. அக்காதான் கிண்டல்.

"ஏம்மா, கரண்டு பூட்டா உன் கம்ப்யூட்டரு வேல செய்யுமா?"

"சும்மா கெட. வாயத் தெறந்து சிரிக்காத, வயித்துல காத்து பூந்துடும்."

மூவரும் சிரித்தோம். ரொம்ப நாளுக்குப் பிறகு.

பிப்ரவரி 7, சனி

நேற்றிலிருந்து பாப்பாவுக்குத் தும்மல். இன்று மூக்கடைப்பு. பால் குடிக்கும்போது நடுநடுவே விட்டுவிட்டு அழுகிறாள்.

"சளி. இன்னொரு கிண்ணம் வையி, காஞ்சிடும்" என்றாள் அம்மா. தும்மினால் ஒரு கிண்ணம். அதற்கும் தும்மினால் இன்னொன்று.

இப்போதுதான் உறைக்கிறது. கரி போட்டு மூட்டிய காலத்தில் தூபக்காலை இரண்டு சுற்றுக் காட்டிவிட்டு அம்மா வெளியே எடுத்துப் போய்விடுவாள். நெருப்பாயிற்றே. கிண்ணத்தை அப்படி யாரும் எடுப்பதில்லை. கட்டில் பக்கத்திலேயே கடைசிவரை எரிந்து அடங்குகிறது. முன்பு இரண்டு வேளை. நேற்று நான்கு கிண்ணம், இன்று இதுவரை மூன்று. சுலபமாக்கிக் கொடுத்தவள் நான். அத்தனை படித்தும் அட்டையை நம்பினேன்.

பெட்டியை எடுத்து ஒளித்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"பதினொண்ணாந்தேதி முப்பதாம் நாளு. சம்மந்தி வராங்க. புள்ளைக்கு மூக்கு ஒழுவிக்கினு இருந்தா இன்னா சொல்லுவாங்க? தாய் வூட்டுல ஒழுங்கா பாக்கலம்பாங்க. அப்பறம் ஒங்க அக்காவ இந்தப் பக்கம் அனுப்புவாங்களா?"

அம்மாவின் பயம் பொய்யில்லை. அக்கா வாழ்க்கைப்பட்ட காட்டேரிக்குப்பத்தில் மாமியார் சொல்வதுதான் நடக்கும். போன வருஷம் அப்பா இறந்தபோது அக்காவை மூன்றே நாளில் அழைத்துப் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. கையில் இருந்த பில்லுக்குப் பின்னால் எழுதுகிறேன்.

மதியம் பாப்பாவுக்கு மூச்சு விசில் மாதிரி. விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதட்டு ஓரம் நிறம் மாறியதை முதலில் அக்காதான் பார்த்தாள். ஆட்டோ. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் என் வயதுப் பெண். "வீட்டுல விறகு, கொசுவத்தி, சாம்பிராணி, ஏதாவது எரிக்கிறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க மேடம். கேஸ் அடுப்புதான்" என்றாள் அம்மா.

அவள் சேலையிலேயே சாம்பிராணி மணந்தது. அக்கா தரையைப் பார்த்தாள். நானும்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் ரத்தம் எடுக்க வந்தார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் குத்தினார்கள். மூன்று முறை. காரணம் தெரியவில்லையே, இன்னும் சில டெஸ்ட் பார்க்கலாம் என்று நர்ஸ் சொன்னதும் எழுந்து போய்விட்டேன். டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். ஜன்னல், சுருள், கிண்ணம். யார் வாங்கி வந்தது என்பதையும். நேற்றே சொல்லியிருந்தால் அந்தக் குத்தாவது மிச்சம்.

அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

திரும்பி வந்தபோது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"பெத்தவள பொய்க்காரியாக்கிட்டு வந்துட்டியா?"

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். தம்ளரை என் கையில் தராமல் பெஞ்சில் வைத்தாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டிஸ்சார்ஜ் பேப்பரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசில் இல்லை. புகை கூடவே கூடாதாம். மறுபடி வந்தால் தாமதிக்காமல் வரச் சொன்னார்கள்.

நடு அறை ஜன்னலைத் திறந்தேன். கீல் துருப்பிடித்து முனகியது. வெந்நீர் இனிக் கேஸில். சுருளுக்குப் பதில் கொசுவலை. மிச்சக் கிண்ணங்களைக் குப்பையில் போட்டேன். அம்மா எதையும் தடுக்கவில்லை. எதிலும் கை வைக்கவும் இல்லை.

சாயங்காலம் ஒரே கேள்வி. "அந்தப் பேப்பர்ல பொகன்னு எழுதிக்கிறாங்களா?"

"ஆமா."

"மாப்ள படிப்பாரா?"

"படிப்பாரு."

பிப்ரவரி 11, புதன்

வெயில். முப்பதாம் நாள். அக்கா மாமியார் பத்து மணிக்கே வந்துவிட்டார். வளையல், சட்டை, ஒரு முடிச்சில் அவரே இடித்த சாம்பிராணி. பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். நல்ல கை. பாப்பா அழவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"சம்மந்தி, நெருப்பு எடுத்துக்கினு வாங்க. தல காயறதுக்குள்ள பொக போட்டுடலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா.

"வேணாங்க சம்மந்தி. பொக போட்டுப் போட்டுதான் புள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சி. ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். நான்தான் போட்டேன்."

கிண்ணம் வாங்கியவள் பெயரை அம்மா சொல்லவில்லை.

மாமியார் பாப்பாவின் தலையைத் துண்டால் மெதுவாகத் துவட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார். "நான் மூணு பெத்தேன். மூணுக்கும் பொகதான். எதுக்கும் இழுப்பு வரல." பிறகு அக்காவிடம், "துணிமணிய எடுத்து வையி. சாப்ட்டுட்டுக் கெளம்பலாம்."

மூன்றாம் மாதம்தான் அனுப்புவதாக இருந்தது. அம்மா சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். பாயசத்தைக் கிண்டும் சத்தம் மட்டும்.

எதையெல்லாம் கொளுத்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி அக்காவின் பைக்குள் வைத்தேன். எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அங்க யாராவது பாத்தா, ஒன் தங்கச்சி இன்னா டாக்டரான்னு கேப்பாங்க. வாயால சொல்லுடி. நெனப்புல வச்சிக்கிறேன்."

சொன்னேன். இரண்டு முறை. பாப்பாவின் துணிகளை மடித்தபடியே தலையாட்டினாள். கடைசியாகக் கேட்டேன், அங்கே நீ படுக்கிற ரூமுக்கு ஜன்னல் இருக்கா?

"ஒண்ணு இருக்கு. நாம சீர் குடுத்த பீரோவ அதுக்கு முன்னாடிதான் நிறுத்தியிருக்காங்க."