பாறைக்கு ஏறிப் போன பயிற்சி

3 நவம்பர் 2025, திங்கள்

மார்ச்சுக்குள் ஐம்பது மணி நேரம் இணையவழிப் பயிற்சி முடித்தாக வேண்டும். இதுவரை என் கணக்கில் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த்தொட்டிப் பாறையில்தான் கிடைக்கும். நான் போய்ப் பாறையில் உட்கார்ந்தால் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது?

தலைமையாசிரியர் அர்த்தனாரி சார் வழி சொன்னார். "போன் ஏறினாப் போதும் டீச்சர், ஆள் ஏறோணும்னு இல்லீங்க. எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்." அவருடைய போன் மூன்று வருடமாக ஏறி இறங்குகிறதாம்.

4 நவம்பர்

சத்துணவு சமைக்கும் அம்சவேணியிடம் போனைக் கொடுத்தேன். பாத்திரம் கழுவி முடித்ததும் பாறைக்குப் போய், நாலு மணிக்குள் திருப்பித் தருவாள். வீடியோ முடிந்தால் 'அடுத்து'. கேள்வி வந்தால் எதையாவது தொடு. இவ்வளவுதான் சொன்னேன். எட்டாவது வரை படித்தவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

செய்வது சரியா? எல்லாரும் செய்கிறார்கள். அது பதிலா என்ன?

7 நவம்பர், வெள்ளி

இரண்டாம் வகுப்பு கோகிலவாணி. பெயர்தான் அப்படி. ஜூனிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறாள். 28ஆம் தேதி சேந்தமங்கலத்தில் மருத்துவ முகாம். குறையுள்ள பிள்ளைகளின் படிவத்தை 21க்குள் கொடுக்க வேண்டும். அவளுக்குப் 'பேச்சுக் குறைபாடு' என்று எழுதிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி.

அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். "ஊட்டுல வாய் ஓயாதுங்க டீச்சர். பேச்சு வராதுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, ஊரே ஊமைன்னுதானுங்க கூப்பிடும்."

எந்த அம்மாதான் ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை பொய் சொல்பவளின் பார்வை இல்லை. குழப்பமாக இருக்கிறது.

11 நவம்பர்

முதல் தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது. எதையாவது தொடு என்றால் பத்தொன்பது எப்படி வரும்? குருட்டு அதிர்ஷ்டம்.

13 நவம்பர், வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு வரிசை நகரவே இல்லை. போய்ப் பார்த்தால், அம்சவேணி கோகிலவாணி முன்னால் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறாள். "முட்டை முழுசா வேணுமா கண்ணு, ரெண்டா உடைச்சா?" என்று கேட்டாளாம். அப்புறம் பேச்சே இல்லை. பின்னால் பதினைந்து பிள்ளைகள் தட்டோடு.

"என்ன அம்சவேணி இது? போட்டு அனுப்புங்க" என்று சத்தம் போட்டேன். முட்டையைத் தட்டில் வைத்துவிட்டாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இவளுக்கு என்ன ஆயிற்று?

14 நவம்பர்

மறுபடி அதே கேள்வி, அதே நிற்றல். இன்று நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வாயை விட்டிருப்பேன், எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

கோகிலவாணி சொன்னாள்: "முழுசா."

எனக்குக் காதில் விழுந்தது. உண்மையிலேயே விழுந்தது. ஐந்து மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

17 நவம்பர், திங்கள்

பயிற்சியின் கடைசிப் பக்கம் வந்திருக்கிறது. 'இப்பயிற்சியால் உங்கள் வகுப்பறையில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தை எழுதுக.' எழுதினால்தான் சான்றிதழ், அதன் இருபது மணி நேரமும் கணக்கில் ஏறும். "எல்லாரும் ஒண்ணையேதான் எழுதறோம், நான் தாரேன், பாத்து எழுதிக்குங்க" என்கிறார் அர்த்தனாரி சார்.

என் வகுப்பறையில் என்ன மாறியது? பயிற்சி எதைப் பற்றியது என்பதே எனக்குத் தெரியாது. தலைப்பை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். 'பேசத் தயங்கும் குழந்தைகள்.'

18 நவம்பர்

அம்சவேணி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன்.

"அது அந்தப் பாடத்துல வந்துதுங்க டீச்சர். கேள்வி கேட்டுப்புட்டு, வாய மூடிக்கிட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணோணுமாம். புள்ளைக்குச் சொல்லு வார நேரம் அதுதானாம்."

"பரீட்சைக்கு எதையாவது தொடுன்னுதானே சொன்னேன்?"

"எதையாவது எப்படீங்க தொடறது? புள்ளைங்க சமாச்சாரமாச்சே." கொஞ்சம் நிறுத்தி, "தப்புங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். வெட்கமாக இருந்தது. ஏட்டுச் சுரைக்காயை இவள் கறி வைத்துப் பிள்ளைக்குப் பரிமாறியே விட்டாள். இந்த மலைக்கு வந்த ஆறு வருடத்தில் இவளிடம் அரிசி, பருப்பு, முட்டை எண்ணிக்கை தவிர வேறு எதுவும் நான் பேசியதில்லை.

20 நவம்பர், வியாழன்

பள்ளி விட்ட பிறகு நானே பாறைக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது. முதல் வீடியோவைத் திறந்தேன். 'ஏற்கெனவே நிறைவு செய்துவிட்டீர்கள்' என்று வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் ஒரு நிமிடம்கூடக் கணக்கில் ஏறாது. பார்த்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் அம்சவேணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்த எடம் நல்லா இருக்குமுங்க" என்று முன்கூட்டியே சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

நான் கேள்வி கேட்டு எத்தனை எண்ணும் வரை காத்திருப்பேன்? யோசித்தேன். இரண்டு. அதற்குள் முன்வரிசை ஜாஸ்மின் சொல்லிவிடுவாள், நான் 'சபாஷ்' என்று அடுத்ததற்குப் போய்விடுவேன்.

கடைசிப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி அங்கிருந்தே அனுப்பினேன்: மாற்றம் வகுப்பறையில் இல்லை, சாப்பாட்டு வரிசையில் நடந்தது. பாடத்தைப் பார்த்ததும் தேர்வு எழுதியதும் சமையலர் அம்சவேணி. நான் இன்றுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

இருபது மணி நேரம் போகும். அதற்கு மேலும் ஏதாவது நடவடிக்கை வருமா, தெரியவில்லை. அர்த்தனாரி சாருக்கு இன்னும் சொல்லவில்லை.

21 நவம்பர், வெள்ளி

படிவம் கொடுக்க வேண்டிய நாள். முதல் பாடவேளையிலேயே கோகிலவாணியிடம் கேட்டேன். "காலையில என்ன சாப்பிட்டே கண்ணு?" ஜாஸ்மின் கையைத் தூக்கினாள், கண்ணாலேயே அமர்த்தினேன்.

ஒன்று, இரண்டு… ஏழு. தரையைப் பார்த்தாள். பத்து. ஒன்றுமில்லை. நிறுத்திவிடலாமா? பதினொன்று, பன்னிரண்டு. பதினாறில் தலையைத் தூக்கி, என்னையறியாமல் அசைந்துகொண்டிருந்த என் வாயையே பார்த்தாள்.

"டீச்சர், என்னத்தைங்க எண்ணுறீங்க?"

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. படிவத்தைக் கிழித்துவிட்டேன்.