உயிர்ப்பு ஞாயிற்றுப் பன்றி

1993 சித்திரை (ஏப்ரல்) 3, சனி

வெக்கை. இலை அசையவில்லை. கடல் தகடு போல். பெரிய வெள்ளி உரை இன்னும் எழுதப்படவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, பகலிலேயே எழுதி முடிக்க வேண்டும்.

மு.ப. பக்கத்து வளவு அந்தோனியைப் பார்க்கச் சென்றேன். நேற்றுத்தான் மருத்துவமனையிலிருந்து வந்தவர். தவக்காலம் தொடங்குமுன் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சந்து வீட்டார் கூடி இறைச்சிப் பங்கு போட்ட பன்றியை வெட்டியவர். அதன்பின் கடுங்காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவின்மை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் மிஞ்சியது. செவி இரண்டும் போயின.

மனைவி அவர் தோளைத் தட்டிக் கையால் சோறு காட்டுகிறார். கணவரின் பக்கத்தில் நின்றே என்னிடம், "ஆளைத் தந்திட்டினம் மாஸ்ரர். காதைத் தரேல்லை."

அந்தோனி, ஊர் கேட்கும் குரலில்: "நீர் கதையும். எனக்கு உள்ளுக்கை கடல்தான் இரையுது."

முப்பதாண்டு மேடையில் கேளாச் செவிகள் பல கண்டவன் நான். இப்படியொன்றைக் கண்டதில்லை.

5, திங்கள்

அந்தோனியின் மருந்துக்காக மருத்துவமனை. வழியில் மிதிவண்டிக்கு இருமுறை காற்று. மருத்துவர் இளைஞர், உறங்காத கண்கள்.

"சோதிச்சு உறுதிப்படுத்த எங்களிட்டை வசதியில்லை. வெளிநாட்டு இதழிலை வாசிச்சதோடை ஒத்துப்போகுது. பண்டியின்ரை தொண்டையிலை இருக்கிற கிருமி. கையிலை காயமிருந்தா அதுக்குள்ளாலை ஏறும். மூளையைச் சுத்தின சவ்வைப் பிடிக்கும். பிழைச்சாலும் காது போகும்."

வேறொரு கரையைச் சேர்ந்த இறைச்சி வெட்டுபவர் ஒருவரும் படுக்கையில். அதே நோய்.

"நான் சொன்னா ஆர் கேக்கினம்? நீங்கள் பேச்சாளர். உங்கடை ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

குறித்தவை: நோயுற்ற பன்றியை வெட்டலாகாது. கையில் புண்ணுள்ளவர் தொடலாகாது. பச்சைக் குருதி, அரைவேக்காடு ஆகாது.

பெனிசிலின் குறைவு. அதை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னார்.

6, செவ்வாய்

தங்கை திரேசா வீடு. அவள் கணவன் சூசையே உயிர்ப்பு ஞாயிற்றுப் பங்குக்கு வெட்டுபவன், பன்றியும் அவனுடையது. போரால் கடற்றடை வந்து ஆழ்கடல் மீன்பிடி நின்றபின் கரையில் வளவுக்கு வளவு பன்றிக்கூடு.

குட்டிகள் இரண்டு நேற்று இறந்தன. பக்கவாட்டில் விழுந்து, நீந்துவதுபோல் கால்களை உதைத்தபடி. பங்குக்கு வைத்த தாய்ப்பன்றி இன்று தவிடு தொடவில்லை.

சூசையின் வலக்கையில் கெளிற்று மீன் முள் கிழித்த புண். பழுத்திருக்கிறது.

"உந்தக் கையோடை வெட்டாதையும், சூசை."

"என்ரை கையிலை புண்ணில்லாத நாளைச் சொல்லும் மச்சான். அண்டைக்கு வெட்டிறன்."

"பண்டிக்கு வருத்தம், நோய்."

"அதுதான் கெதியா வெட்ட வேணும். செத்துதெண்டால் பங்கு சொன்ன ஆக்களுக்கு என்னத்தைக் குடுக்கிறது? உம்மடை பேச்சையோ?"

திரேசா சிரித்துவிட்டாள். நானுந்தான்.

எங்கள் வழக்கம் இது. இறைச்சிப் பங்கு பேசிவிட்டால் சொல் பிறழலாகாது. விலங்கு சோர்ந்தால், சாகுமுன் கத்தி. செத்ததைத் தொடமாட்டோம். சாகப்போவதை உண்போம்.

கையில் பொலித்தீன் சொப்பின் பையைச் சுற்றிக்கொண்டு வெட்டுவதாக உடன்பட்டான். அவ்வளவே.

9, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயில் முற்றத்தில் உரை. அடிகளார் இசைவு தந்தார். ஒலிபெருக்கி இல்லை, மின்சாரம் ஏது. வெறுந்தொண்டை. "நாற்பது நாள் நோன்பு காத்த நாவே, நஞ்சின்மீதோ நீ விழப்போகிறாய்?" எனத் தொடங்கினேன். மருத்துவர் சொன்னவை யாவும் சொன்னேன். கூட்டம் அசையாமல் நின்றது. வென்றேன் என்றே எண்ணினேன்.

கலையும்போது காதில் விழுந்தவை:

"மாஸ்ரரின்ரை தமிழை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம்."

"தோட்டஞ்செய்யிற ஊராக்கள் எங்களைப் பண்டி தின்னியள் எண்டு நக்கலடிக்கிறது காணாதே? இவரும் ஏன் எடுத்துக் குடுக்கிறார்?"

ஒரு முதியவர் என் கையைப் பற்றி, ஈரக் கண்களோடு: "அழுகையே வந்திட்டுது தம்பி. சூசையிட்டைச் சொல்லிவிடும், எனக்கு ஈரலும் சேத்துப் போடச் சொல்லி."

10, சனி

விடியலில் வெட்டிவிட்டார்கள். பன்றி இராமுழுதும் நடுங்கியதாம். ஞாயிறு வரை தாங்காது என்று முந்திக்கொண்டார்கள். நான் போனபோது தென்னங்கிடுகுகள்மேல் இறைச்சிக் குவியல்கள். எவருக்கும் குறைவின்றி எல்லா உறுப்பிலும் சிறிது சிறிது. சொப்பின் பை வேலியில் தொங்கியது.

"வழுக்குது மச்சான். கத்தி நிக்குதில்லை."

அவன் கையைப் பிடித்துச் சவர்க்காரமிட்டு நானே கழுவினேன். பிள்ளைபோல் சிரித்தபடி நீட்டிக்கொண்டிருந்தான்.

வீடு வீடாகச் சென்று நன்றாக அவிக்கச் சொன்னேன். "ஓம் மாஸ்ரர், ஓம்." எனக்கு ஒதுக்கிய பங்கைப் புதைத்தேன். திரேசா அழுதாள். ஏசினாள்.

11, ஞாயிறு

உயிர்ப்பு விழா. பூசையில் சூசையின் குரலே ஓங்கி. புதுச் சாரம் உடுத்தியிருந்தான். என் விலாவில் இடித்து, "பாரும், நான் இன்னும் சாகேல்லை."

ஒழுங்கை முழுதும் கறி மணம். எவருக்கும் ஒன்றுமில்லை. நான் பொய்யனாகக் கடவேன். மகிழ்ந்து ஆவேன்.

12, திங்கள்

பி.ப. தலையிடி என்று சூசை படுத்துவிட்டான். வெயிலாம். உடல் கொதிக்கிறது. குனியச் சொன்னேன், தாடை நெஞ்சைத் தொடவில்லை.

மிதிவண்டிப் பின்னிருக்கையில் இருத்தி, திரேசா தாங்கிப் பிடித்து வர, மருத்துவமனை வரை தள்ளிச் சென்றேன். மருத்துவர் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஊசி தொடங்கிற்று.

13, செவ்வாய்

நினைவில்லை. திரேசா கையில் செபமாலை. மருந்து நாளை வரைதான், மேற்கொண்டு தேடுகிறார்கள். ஈரல் கேட்ட முதியவர் வந்து, வாசலில் நின்று, திரும்பிப் போனார். ஒழுங்கையில் இன்னும் இருவருக்குக் காய்ச்சலாம். வெறுங்காய்ச்சலாக இருக்கட்டும்.

16, வெள்ளி

மருந்து கிடைத்தது. காய்ச்சல் இறங்கிற்று. கண் விழித்துக் கஞ்சி கேட்டானாம். திரேசா ஓடி வந்து அழைத்தாள்.

கட்டிலருகே அமர்ந்தேன். பிழைத்ததைச் சொன்னேன், மருத்துவரைப் புகழ்ந்தேன், அவனை ஏசினேன், எல்லாம் கலந்து. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின், நோயாளர் விடுதியே திரும்பிப் பார்க்கும் குரலில்:

"மேடையிலை அந்தக் கத்துக் கத்துவீர். இப்ப ஏன் மச்சான், சும்மா வாயை அசைக்கிறீர்?"