தோட்டம் ஒன்றின் கதவு

நாள் 212, காலை 09:10
நிலவு நிலையம், தோட்டம் ஒன்று. எழுதுவது நாச்சம்மை, நுண்ணுயிரியல். கோதுமை இரண்டு மடங்கு வேகத்தில் வளர்கிறது. அமோனியா 6 பிபிஎம். வேரில் ஒட்டி வாழும் என் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியா உரமாக்குகிறது. உரம் போதுமானால் நிறுத்தச் சொல்லும் மரபணு ஒன்று அதற்கு உண்டு. அதை வெட்டி எடுத்தவள் நான். நாற்பது நாளில் அறுவடை வேண்டும் என்று கழுத்தை நெரித்தவர் நிலையத் தலைவர் சூசைராஜ்.

ஓரப் பாத்தியில் ஒரு கொத்துப் புதினாவை யாரோ வேரோடு பிடுங்கிப் போயிருக்கிறார்கள். கேட்டால் நிலையத்திலுள்ள மற்ற ஐந்து பேரும் கையை விரிக்கிறார்கள். திருட்டுக் கழுதைகள்.

நாள் 226, 11:40
அமோனியா 48. கண் எரிகிறது. பாக்டீரியா நிறுத்துவதாக இல்லை. பயிர் உயிரோடு இருக்கும்வரை அதற்குச் சர்க்கரை கிடைக்கும். எல்லாவற்றையும் வெட்டப்போவதாக அறிவித்துவிட்டு அரிவாளை எடுத்தேன். கால் மணி நேரத்தில் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது.

12:05
ஒலிபெருக்கியில் சூசைராஜ்: "உங்க கையில, துணியில எல்லாம் அது ஒட்டியிருக்கும் டாக்டர். நீங்க வெளிய வந்தா அதுவும் கூட வரும். இந்தப் பக்கம் அஞ்சு உசிரு இருக்கு."

குளிக்கிறேன், மொட்டை அடித்துக்கொள்கிறேன், துணியை இங்கேயே போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். கதவு திறக்கவில்லை. இருநூறு நாள் சார் சார் என்று கூப்பிட்ட வாயால் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். புதினாவையும் விடவில்லை.

நாள் 227, 10:20
பயிர் முழுக்க வெட்டியாயிற்று. மண்ணில் ஊறிய அமோனியா இன்னும் கிளம்புகிறது. 170. முகமூடியில் இருப்பது கடைசி வடிகட்டி. மறுபடி அவர்: "மனசுல வச்சுக்காதீங்க டாக்டர். சாப்பாட்டுக்குக் குறையில்ல. அந்தப் புதினாவ எடுத்தது நான்தான். ரெண்டாம் தோட்டத்துல நட்டேன், காடாப் பரவிருச்சு."

நான் வாயெடுப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

10:35
எந்த வேரையும் பற்றிக்கொள்ளும்படி அதை மாற்றியதும் நான்தான். இரண்டாம் தோட்டம் பத்து மடங்கு பெரியது. அவர்கள் படுக்கும் அறைக்கு அதன் காற்றுதான் போகிறது. அங்கே எல்லாவற்றையும் இப்போதே வெட்டினால் அவர்கள் பிழைக்கலாம். கதவுக் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் "புதினா" என்று எழுதினேன். அவர் வந்து படித்தார். இன்னும் திருட்டுக்காகத் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். அடுத்து "வெட்டு" என்று எழுதுவதற்குள் கண்ணாடிமேல் இரும்புத் திரையை இறக்கிவிட்டார்.

12:50
வடிகட்டி தீர்ந்தது. சூசைராஜ் எக்கேடாவது கெடட்டும். மற்ற நாலு பேர் என்ன பாவம் செய்தார்கள்? அரிவாள் பிடியால் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். உயிருக்குக் கெஞ்சுவதாக நினைக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து மானியில் இரண்டு தோட்டமும் தெரிகிறது.
தோட்டம் ஒன்று: 310.
தோட்டம் இரண்டு: 9.

12:58
கை தூக்க முடியவில்லை
தோட்டம் இரண்டு: 14
இதைக் கண்டெடுப்பவர் இங்கிருந்து ஒரு இலையைக்கூட எடுத்து