திருப்பி வைத்த துணி

மார்ச் 3, செவ்வாய்

பத்திரிகையில் வந்த என் ஆய்வுக் கட்டுரையின் நாலாம் பக்கத்தை லேமினேட் செய்து, அம்மாவின் தையல் மிஷினுக்கு மேலே மாட்டிவிட்டார் அப்பா. என் பெயர் முதல் பக்கத்தில்தான் இருக்கிறது என்றேன். "அதுல வெறும் எழுத்து. இதுலதான் படம்" என்றார். அவர் லிஃப்ட் ஆபரேட்டர். ஏறுகிறவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு எழுதினது பத்திரிகையில வந்திருக்கு" என்று ஆரம்பித்து மூன்றாவது மாடிக்குள் முடித்துவிடுகிறாராம். எனக்கோ லிஃப்டில் இன்னொரு ஆள் ஏறினாலே எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது.

மார்ச் 4, புதன்

அம்மா நூல் கோக்கும்போது நிமிர்ந்து, அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு படங்களைப் பார்த்தாள்.

"ஏண்டி, இது ரெண்டும் ஒரே துணிதானே? ஒண்ணைத் தலைகீழா வெச்சிருக்கே."

"துணி இல்லம்மா, செல். இது மருந்து போடாதது. அது போட்டது."

"என்னவோ. இந்த மூலையில இருக்கிற மூணு புள்ளி அங்க எதிர்மூலையில இருக்கு பாரு. இருபது வருஷமா பூப்போட்ட துணியை ஒட்டுத் தெரியாம சேர்க்கிறவ நான்."

சிரித்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஆய்வகக் கணினியில் என் கோப்புகள்: 'கடைசி', 'கடைசி-2', 'இதுதான் கடைசி'. மருந்து போடாத தட்டையே திருப்பி வைத்து இரண்டாம் முறை எடுத்த படம் — அதை மருந்து போட்டது என்று சேர்த்திருக்கிறேன். சரியான படம் பழைய ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க் போன வருஷமே போய்ச் சேர்ந்தாச்சு. அப்போ மருந்து வேலை செஞ்சதுன்னு எதைக் காட்டிச் சொல்வேன்?

கட்டுரை இல்லாமல் பட்டம் இல்லை. எட்டு மாசமா யாரும் கவனிக்கலையே, பேசாம இருந்துட்டா என்ன?

வீட்லயே ஒருத்தி கவனிச்சுட்டாளே.

மார்ச் 9, திங்கள்

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் பேராசிரியர் அறையை மூன்று முறை கடந்தேன். நாலாவது முறை மேடமே கதவைத் திறந்தார்.

"தாகம் தீர்ந்துச்சா? உள்ள வா."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"நானும் பார்த்துத்தானே அனுப்பினேன். என் கண்ணு எங்க போச்சு? சரி, யார் கண்டுபிடிச்சது?"

"அம்மா."

"எந்தத் துறை?"

"தையல், மேடம்."

கட்டுரையை வாபஸ் வாங்கும் கடிதத்தைச் சேர்ந்தே எழுதினோம். பதினோரு வரி. பட்டம் இனி ஒரு வருஷம் தள்ளி.

மார்ச் 12, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். லேமினேட்டைக் கழற்றினார். சுவரில் இப்போது ஆணி மட்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

சோதனையை முதலிலிருந்து செய்கிறேன். கோப்புகளுக்குத் தேதிதான் பெயர். 'கடைசி'க்கு இடமே இல்லை.

மதியம் அப்பா மறந்துவைத்த சாப்பாட்டைக் கொடுக்கப் போனேன். லிஃப்டில் மூலை பார்த்து நின்றேன். யாரோ ஒருவர் ஏறி "நாலு" என்றார். அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"எம்பொண்ணு எழுதினது பத்திரிகையில வந்துச்சு சார். அதுல ஒரு படம் தப்பு. படிச்சவங்க ஒருத்தரும் கண்டுபிடிக்கல. என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சா. உடனே இவ என்ன பண்ணா தெரியுமா—"

நாலாவது மாடியில் கதவு திறந்தது. மூடியது. அவர் இறங்கவில்லை.

"அப்புறம்?" என்றார்.

ஒன்பதாவது மாடிவரை போனோம். நான் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.