யாருடைய ஆளும் இல்லை

பங்குனி 26, வியாழன்

காலையிலேயே வெயில். தேர்தல் அலுவலகத்தில் சின்னம் ஒதுக்கீடு. நான் எழுதிக் கொடுத்தவை: ஜன்னல், வாளி, பேனா. மூன்றையும் வேறு சுயேச்சைகளும் கேட்டிருந்ததால் சீட்டுக் குலுக்கல். எனக்கு மிஞ்சியது நகவெட்டி.

முப்பது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து. அடுத்தவர் தீர்ப்பை எல்லாம் தட்டச்சு செய்து, அரசியல் சாசனத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து, கடைசியில் நகவெட்டி. இவரைத்தான் தலைமை முகவராகப் போட்டிருக்கிறேன்; பூத் முகவர் படிவங்களில் இவர் கையெழுத்தே போதும். கட்டினவரை விட்டால் வேறு யார் வருவார்கள்? ஆவடி ஃபேக்டரியில் ரிடயர் ஆன பிறகு இவருக்குக் கிடைத்த முதல் பதவி. "சின்னதுதான். ஆனா எல்லா வீட்டுலயும் இருக்கும்" என்றார். ஆறுதலாம்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு குரல்: "இந்தம்மா யாரோட டம்மி?"

கேள்வியில் தப்பில்லை. பெரிய கட்சிகள் சுயேச்சை பேரில் ஒரு ஆளை நிறுத்தும். ஓட்டுக்காக இல்லை. பூத்தில் அந்த வேட்பாளர் பேரில் இன்னொரு நாற்காலி, அதில் தங்கள் பையன் ஒருவன். ஊருக்கே தெரிந்த வழக்கம். திரும்பிப் பார்த்து, "நான் யாரோட ஆளும் இல்ல" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்கோ."

வாங்க வேண்டியது: அதிமதுரம், சேஃப்டி பின், இவருடைய பி.பி. மாத்திரை.

பங்குனி 28, சனி

கொரட்டூர் ஏரிக்கரைத் தெருக்கள். நோட்டீஸ். மாலையில் ஸ்டேஷன் வாசலில் சாசனத்தின் முகவுரை வாசிப்பு. ரயில் வந்தபோது கூட்டம், போனதும் காலி. கேட்டவர்கள்: ஒரு சுண்டல்காரர், இரண்டு நாய்கள், வசந்தா. (வசந்தா யோகா வகுப்புத் தோழி. அவள் கணக்கில் வரமாட்டாள், எப்படியும் வருவாள்.)

தெருமுனை இஸ்திரி வண்டி மல்லிகா மட்டும் நோட்டீஸை முழுக்கப் படித்தாள். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் படித்தாள்.

"நீ எந்தப் பக்கம்மா?"

"எந்தப் பக்கமும் இல்ல மல்லிகா."

"அதெப்டி? ரோட்டுக்கே ரெண்டு பக்கம் கீதே."

எம்.எல்.ஏ. என்பவர் கட்சித் தலைமைக்கு இல்லை, சாசனத்துக்கும் நமக்கும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். ஏரியில் கலக்கும் சாக்கடையைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்க யாரிடமும் அனுமதி வாங்க மாட்டேன் என்றேன். நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகினாள். "சரி, உனக்குத்தான் போடுவேன். நகவெட்டி. எங்க ஊட்டுக்காரருகிட்டயும் சொல்றேன்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். பட்டேனா? தெரியவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய் இருக்கிறது. பல் பிடுங்கின பிறகு உதட்டைத் தொட்டால் இருக்குமே, அப்படி.

சித்திரை 3, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், உப்பு.

மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஷிஃப்ட் விடும் நேரம். க1 ஊர்வலம் ஒருபக்கம், க2 ஊர்வலம் ஒருபக்கம், நடுவில் நாங்கள் மூன்று பேர், ஒரு மெகாஃபோன். (இரண்டு பெரிய கட்சிகளையும் இதில் க1, க2 என்றுதான் எழுதுகிறேன். பேரை எழுதினால் பேனா கனக்கிறது.) இரண்டு வண்டியிலும் ஒரே மெட்டு, வேறு வேறு வார்த்தை.

பூத் முகவர்கள் பேச்சு வந்தது. எனக்கென்று உட்கார இருப்பவர்கள்: வசந்தா, முழங்கால் வலியோடு பழைய கோர்ட் சகா ஒருவர். மற்ற எல்லா பூத்திலும் நாற்காலி காலிதான்.

"நல்லாவா இருக்கும்?" என்றார் இவர்.

"காலியா இருந்தா இருக்கட்டும்."

"எல்லா வேட்பாளருக்கும் ஆள் இருக்கும். உன் பேருக்கு மட்டும் யாரும் இல்லன்னா பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"உண்மையை நினைப்பான்."

எழுந்து போய் துணி மடித்தார். இவருக்கு வருத்தம் வந்தால் துணி மடிப்பார். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் நாளிலிருந்து அப்படித்தான்.

சித்திரை 6, ஞாயிறு

புழுக்கம். காற்றே இல்லை. எதிர்வீட்டு ரகு வந்தான். க1 வட்டச் செயலாளரின் வலது கை. ஆனாலும் எங்கள் வீட்டில் காபி குடித்து வளர்ந்தவன். அவனைத் திட்ட வாய் வராது.

"அண்ணி, சும்மா சொல்லக் கூடாது, செம்மயா பேசறீங்க. எங்க ஆளுங்களே கேட்டுகினு நின்னாங்க."

"அப்போ ஓட்டு போடுங்க."

"அது வேற, இது வேற அண்ணி."

காபி குடித்தான். வாசலில் இவரோடு ரொம்ப நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் குளிக்கப் போய்விட்டேன். தலையில் தண்ணீர் விழுவதுகூட யாரோ ஒருத்தி தலையில் விழுவது மாதிரி இருந்தது. இது என்ன என்று டாக்டரிடம் கேட்கலாம். தேர்தல் முடியட்டும்.

ஜெயிக்க மாட்டேன். டெபாசிட் வராது. அது எனக்குத் தெரியும், மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும். என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்: நான் யாருடைய ஆளும் இல்லை. அது மட்டும் சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தால் போதும்.

சித்திரை 10, வியாழன். ஓட்டு நாள்.

மேகம். மழை இல்லை. இரவு எழுதுகிறேன், வரிசையாக எழுதிவிட வேண்டும்.

இவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிறகு வருவதாகச் சொன்னார். நான் மட்டும் முதலில் ஓட்டு போடப் போனேன். நம் பள்ளிக்கூட பூத். சுவர் ஓரமாக முகவர்கள் வரிசை. கடைசி நாற்காலி காலியாக இருக்கும் என்று பார்த்தால், ஒரு பையன். கழுத்தில் அட்டை. அட்டையில் என் பேர்.

"தம்பி, நீங்க யாரு?"

"சுயேச்சை ஏஜென்ட்டு. நீங்க இன்னா மேடம், லைன்ல நில்லுங்க."

"எந்த சுயேச்சை?"

"நகவெட்டி."

"அவங்களைப் பாத்திருக்கீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? ரகு அண்ணன் குந்தச் சொன்னாரு, குந்திகினு கீறேன்."

அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் க1 முகவர். இரண்டு பேரும் ஒரே பாக்கெட் கடலை. தலைமை அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டு போட்டேன். விரலில் மை. வெளியே வந்து இவருக்கு போன்.

"பூத் முகவர் படிவத்துல கையெழுத்து போட்டுக் குடுத்தீங்களா?"

"பேர் எழுதாமதான் குடுத்தேன். ஆள் போட்டுத் தரேன்னான் ரகு. நம்ம பசங்கதான் அண்ணாத்தேன்னான்."

"எத்தனை பூத்துக்கு?"

"அந்த ரெண்டு போக எல்லாத்துக்கும்." அப்புறம், "நீ போற இடத்துல எல்லாம் நாற்காலி காலியா இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

கோபம் வர வேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. அவர் குரல்தான் உடைந்தது, எனக்கு எதுவும் உடையவில்லை. "ஸ்கூட்டரை எடுத்துட்டு வாங்க. வர வழியில ஜெராக்ஸ் கடை திறந்திருந்தா பாருங்க" என்றேன்.

முகவரை வேட்பாளரே எழுத்து மூலம் விலக்கலாம். அதற்கும் ஒரு படிவம் உண்டு. என்னைவிட யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் என் முகவர்களை நாங்களே எழுப்பினோம். இவர் வண்டி ஓட்ட, நான் கையெழுத்து. சில பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருவன், "பிரியாணி வரதுக்குள்ள எழுப்புறியே, நாயமா?" என்றான். ஒரு அதிகாரி அம்மா, "சர்வீஸ்ல முதல் தடவையா பாக்கறேன், தன் ஏஜென்ட்டையே கிளப்பற வேட்பாளரை" என்று சொல்லி, மோர் கொடுத்தார். குடித்தோம்.

எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. திருமுல்லைவாயில் சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்றபோதே நேரம் முடிந்துவிட்டது. மீதி பூத்துகளில் என் பேரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே இவர்: "தப்பு பண்ணிட்டேன்."

"ஆமா."

மாறி மாறித் தள்ளினோம்.

சித்திரை 11, வெள்ளி

கால் வீக்கம். இவர் அடைக்கு அரைத்தார். உப்பு அதிகம். சாப்பிட்டேன்.

க2 ஆள் ஒருவர் வாசலில். வேட்டி, புன்னகை. "மேடம், நேத்து இன்னா ஆச்சு? அவங்க பேசினபடி குடுக்கலியா? ஏன் எழுப்பி உட்டீங்க?" அவர்கள் என்னிடம் எதுவும் பேசவில்லை என்றேன். தலையை ஆட்டினார், நம்புகிறவர் ஆட்டுகிற ஆட்டம் இல்லை.

பின்னாலேயே ரகு. கண் சிவப்பு. "அண்ணி, இப்டி பண்ணிட்டீங்களே. வட்டம் என்னை நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டாரு. க2 எவ்ளோ குடுத்துச்சாம் உங்களுக்கு, எழுப்பறதுக்கு?"

ஆக, க2 கணக்கில் நான் க1 ஆள். க1 கணக்கில் க2 ஆள். ஒரே நாளில் இரண்டு கட்சிக்கும் மாறியவள் இந்தத் தொகுதியிலேயே நான்தான். சிரிப்பு வந்திருக்கலாம். இவர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே உதறி மறுபடி.

"போதும், வெச்சிடுங்க" என்றேன். வைத்தார்.

சித்திரை 12, சனி

காலையில் லேசாகத் தூறல். பேருக்கு. மண் வாசனைகூட வரவில்லை.

பிரசாரப் புடவைகளை இஸ்திரிக்குக் கொண்டு போனேன். இனி கட்ட வேண்டியதில்லை, இருந்தாலும் மடித்து வைக்கணுமே. மல்லிகா என்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. கரித் தணலை விசிறிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"யம்மா, நாங்க மூணு பேரும் உனக்குத்தான் போட்டோம். எங்க ஊட்டுக்காரரு, நானு, எங்க நாத்தனாரு."

"நகவெட்டிக்கா?"

"நகவெட்டின்னுதான் போனோம். வெளில ரகு ஆளுங்க டேபிள் போட்டு சீட்டு குடுத்தாங்கல்ல, அந்தப் பசங்க சொன்னாங்கோ, அந்தம்மா நம்ம ஆளுதான், வேணும்னா உள்ள போய் பாரு, அவங்க நாற்காலில நம்ம பையன்தான் குந்திகினு கீறான்னு. உள்ள போய் பாத்தேன். நெசந்தான். நம்ம தெருப் பையன். அப்புறம் எதுக்குமா சின்னதுல போட்டு ஓட்ட வீணாக்கணும்? உன் ஆளுங்களோட பெரிய சின்னத்துலயே மூணு பேரும் குத்திட்டு வந்தோம். உனக்குப் போட்டாப்லதானே?"

புடவையை விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்தாள்.

"ஜெயிச்சிருவே, பாரு."

ஆமாம் என்று சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது, ரோட்டில் நின்றுகொண்டு, நிறுத்த முடியாமல். அவள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.