அட்லஸில் இரண்டு விரல் தூரம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். கொடியில் போட்ட துணியெல்லாம் சுரங்கத்துக் கரித்தூசி. மறுபடி அலசல்.

மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். சைப்ரஸில் வளையல் போட ஆளில்லை. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அவள் தம்பி பிரபு மால்டாவில், ஓட்டல் சமையலறை வேலை. ஒரே கடல், இரண்டு தீவு. அட்லஸில் வைத்துப் பார்த்தேன், இரண்டு விரல் தூரம். படகிலேயே போய்விடலாம் போல. ஆனால் அவள் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இவன் பேசுவதில்லை. இரண்டு வருடம். பெற்றவர்களே சமாதானம் ஆகிவிட்டோம், இவனுக்கு என்ன வீம்பு?

ஜூன் 5, வியாழன்

பிரபு போன். அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று கேட்டேவிட்டேன்.

"அது வேற நாடும்மா. மூன்றரைக்குக் கிளம்புற ஃபிளைட் ஏழு மணிக்குத்தான் இறங்குது. அவங்களுக்காக லீவெல்லாம் போட முடியாது."

'அவங்க'ளாம். கூடப் பிறந்தவளை.

இவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். போனைத் தடவிப் பார்த்துச் சிரிப்பு.

"சைப்ரஸ் கடியாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடிக்கினு இருக்கு. பறக்கிறது ரெண்டரை மணிதான். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். நாம பஸ்ல மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள உம்புள்ள போயிட்டுத் திரும்பியே வந்துடுவான்."

படகு யோசனையைச் சொன்னேன். இன்னும் சிரிப்பு. போகட்டும்.

அவர் சொன்னதைப் பிரபுவுக்கு அப்படியே அனுப்பினேன். நீல டிக். படித்துவிட்டான்.

ஜூன் 7, சனி

வடலூர். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். "மாசமா இருந்தா கை உப்பியிருக்குங்க, ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்றாள் கடைக்காரி.

பக்கத்து பிளாக் ஸ்டெல்லா மால்டாவில் நர்ஸ். லீவு முடிந்து திங்கள் கிளம்புகிறாள். பிரபுவுக்கு முறுக்கு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். நடுவில், பழைய சேலைத் துணியில் சுற்றி, வளையல்.

"ஆன்ட்டி, இது எதுக்குன்னு கேட்டா?"

"ஒண்ணும் சொல்லாத. அவனே பார்க்கட்டும்."

பெண்கள் போடுவதுதான் வழக்கம். ஆளில்லாத ஊரில் தம்பி போட்டால் குறைந்தா போய்விடும்?

இவரிடம் மூச்சு விடவில்லை.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் தூறல். கேஸ் புக் பண்ணணும். பார்சல் சேர்ந்தது என்று ஸ்டெல்லா மெசேஜ். பிரபு, "முறுக்கு சூப்பர்மா." வளையல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டவும் இல்லை. அதுவே நல்லதுதான்.

ஜூன் 14, சனி

ஆறரை மணிக்குப் பிரபு. பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ இங்கிலீஷ்.

"எங்கடா இருக்க?"

"ஏர்போர்ட்லமா. வளையல்ல மூணு உடைஞ்சிருச்சு. ஒத்தப்படையாதான் போடணும்னு சொல்வல்ல, மீதிய எண்ணி எடுத்துக்கிட்டேன். அக்காவுக்கு எந்தக் கைல முதல்ல போடணும்?"

அக்கா என்றான். இவர் போனைப் பிடுங்கினார். "வலது கைடா. மெதுவாப் போடு, கை உப்பியிருக்கும்."

வளையல் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

அங்கே ஏழுக்கு இறங்கினால் இங்கே ஒன்பதரை. இன்னும் உலை வைக்கவில்லை.